பழைய பெட்டிக்குப் புதுக் குரல்



என் மாமா மறைந்தபோது அவருடைய உடைமைகளுள் எனக்கு வந்து சேர்ந்தவை இரண்டு சிறிய மரப் பெட்டிகள். 1970களில் செய்யப்பட்ட ஒலிபெருக்கிகள் அவை. ஒரு கையால் ஒன்றைத் தூக்கிவிடலாம். இரவு உணவுக்குப் பின் விளக்கைத் தணித்துவிட்டு அவற்றில் வீணை கேட்பது மாமாவின் வழக்கம். அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு நாள் இடப்பக்கத்துப் பெட்டி கரகரத்தது. முன்புறத் துணியை நீக்கிப் பார்த்தேன். கூம்பைச் சுற்றியிருந்த மெத்தென்ற நுரை விளிம்பு, விரல் பட்டதும் கறுப்புப் பிசினாய் ஒட்டிக்கொண்டு உதிர்ந்தது. பழுதான உறுப்புக்குப் பதில் புதிதொன்றைத் தேடியபோது நான் செய்த தவற்றையும், அதனால் கற்றதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மரப் பெட்டி தானாக ஒலிப்பதில்லை. அதனுள் பொருத்தப்பட்ட உறுப்பே ஒலியை எழுப்புகிறது. கடைக்காரர்கள் அதனை ‘டிரைவர்’ என்பர். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய கூம்பு. கூம்பைப் பிடித்து நிறுத்த நெளிவுத் துணியும் வெளி விளிம்பும். சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றை உந்தும். 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் வெளியிட்ட அமைப்பு, அடிப்படையில் இன்றுவரை மாறவில்லை. சிறு பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு டிரைவர்கள் இருக்கும். தாழ்ந்த ஒலிக்கு ஊஃபர், கீச்சொலிக்கு ட்வீட்டர். இன்ன ஒலி இன்னாருக்கு என்று பங்கிட்டுத் தரும் மின்சுற்றுக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர்.

நான் என்ன செய்தேன்? பழைய ஊஃபரை அளந்தேன், ஆறரை அங்குலம். கடைக்குச் சென்று ஆறரை அங்குலம் என்று கேட்டேன். கடைக்காரர் மூன்று வகைகளைக் காட்டினார். அவற்றுள் ஒன்றன் இயல்பு அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. பழையதற்கு அது 40 என்று எங்கோ படித்த நினைவு. எண் குறையக் குறையத் தாழ்ந்த ஒலி நன்றாக வரும் அன்றோ என்று எண்ணி, மகிழ்ச்சியுடன் வாங்கி வந்து பொருத்தினேன். மிருதங்கத்தின் தொப்பி ஒலி, எந்த இடத்தில் தட்டினாலும் ஒரே ‘தும்’ என்று ஊதிப் பெருத்தது. வீணையின் மந்தர ஸ்தாயி அண்டாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தது. மாமாவின் பெட்டிக்குச் சளி பிடித்துவிட்டது என்றாள் என் மகள்.

காரணம் யாதெனில், பெட்டிக்குள் அடைபட்ட காற்றை நான் கணக்கில் கொள்ளவில்லை. எல்லாப் பக்கமும் மூடிய சிறு பெட்டியில் காற்றும் ஒரு வில்லே. கூம்பு உள்ளே போனால் அது வெளியே தள்ளும். வெளியே வந்தால் உள்ளே இழுக்கும். 1954-இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர், கூம்பின் தொங்கலை வேண்டுமென்றே மிக மென்மையாக்கி, அதைப் பிடித்து நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை இந்தக் காற்று வில்லிடமே ஒப்படைத்தார். சிறிய பெட்டியிலிருந்தும் ஆழ்ந்த ஒலியைப் பெற முடிந்தது அவ்வாறுதான். ஆனால் அத்தகைய பெட்டியில் டிரைவரும் காற்றும் ஒரே கருவியின் இரு பாதிகள். ஒரு பாதியைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகினால் கருவியே வேறாகிவிடும்.

எந்த அளவுக்கு வேறாகும் என்பதைக் கணக்கிட நமக்கு வழி காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய இருவர். நெவில் தீல் 1961-இலும், அவரைப் பின்பற்றி ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் தங்கள் ஆய்வுகளை வெளியிட்டனர். ஒரு டிரைவரின் தாழ்ந்த ஒலிப் போக்கை அறிய முதன்மையாக மூன்று எண்கள் போதும். முதலாவது, திறந்த வெளியில் அதன் இயல்பு அதிர்வெண். இரண்டாவது, அதன் தொங்கலின் மென்மை. எத்தனை லிட்டர் காற்றின் மென்மைக்கு அது சமம் என்று லிட்டரிலேயே சொல்வார்கள். மூன்றாவது, அசைவு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைக் காட்டும் கியூ என்னும் எண். கியூ மிகுந்தால் அடக்கம் குறைவு என்று பொருள்.

இனிக் கணக்கு எளிது. காற்றிணை லிட்டரைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் காணுங்கள். அதிர்வெண்ணையும் கியூவையும் அந்த எண்ணால் பெருக்கினால், பெட்டிக்குள் அவை என்னவாகும் என்பது தெரியும். என் பெட்டியின் உள்ளளவு 8 லிட்டர். பழைய ஊஃபருக்கு 24 லிட்டர், 40 ஹெர்ட்ஸ், கியூ 0.35. 24-ஐ 8-ஆல் வகுத்தால் 3, ஒன்று கூட்ட 4, மூலம் 2. ஆகவே பெட்டிக்குள் 80 ஹெர்ட்ஸ், கியூ 0.7. இந்த 0.7 என்பது மேடும் பள்ளமும் இன்றிச் சமமாய் ஒலிக்கும் நிலை. பெட்டியை அமைத்தவர் அதை நாடியே அமைத்திருக்கிறார். நான் வாங்கியதோ மிக மென்மையானது. 64 லிட்டர், 30 ஹெர்ட்ஸ், கியூ 0.4. 64-ஐ 8-ஆல் வகுத்தால் 8, ஒன்று கூட்ட 9, மூலம் 3. ஆகவே பெட்டிக்குள் அது 90 ஹெர்ட்ஸ்; கியூ 1.2! அட்டையில் தாழ்ந்திருந்த எண் பெட்டிக்குள் உயர்ந்துவிட்டது. 110 ஹெர்ட்ஸை ஒட்டி ஏறத்தாழ இரண்டரை டெசிபெல் மேடும் எழுந்துவிட்டது. என் மகள் சொன்ன சளி அதுதான். டிரைவர்மீது குற்றமில்லை. 31 லிட்டர்ப் பெட்டியில் வைத்திருந்தால் அதுவும் 0.7-இல் அடங்கி, 52 ஹெர்ட்ஸ் வரை நேர்த்தியாக ஒலித்திருக்கும்.

பழைய டிரைவரின் எண்கள் அச்சில் கிடைக்காவிட்டால் என் செய்வது? நல்ல வேளையாக ஒலிபெருக்கிகள் இரட்டையாய் வருபவை. ஒன்று கெட்டாலும் மற்றொன்று சாட்சி சொல்லும். கெடாத வலப் பெட்டியின் ஊஃபருடன் ஒரு மின்தடையைத் தொடராக இணைத்து, அதிர்வெண்ணை மெல்ல மாற்றி அளந்தேன். எந்த அதிர்வெண்ணில் டிரைவரின் மின்மறுப்பு உச்சத்தை எட்டுகிறதோ அதுவே இயல்பு அதிர்வெண். வெளியே எடுத்து வைத்தபோது 40, பெட்டிக்குள் 80. விகிதம் 2; அதன் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால் 3; எட்டு லிட்டரை மூன்றால் பெருக்க 24. உச்சம் எவ்வளவு கூர்மையானது என்பதிலிருந்து கியூவும் கிடைத்தது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் ஒரு பிற்பகலில் செய்துவிடக் கூடிய சோதனை இது. கடைக்குப் போகுமுன் நான் செய்திருக்க வேண்டியதும் இதுவே.

அதே பெயரும் அதே எண்ணும் உள்ள டிரைவரையே வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததா? அதுவும் உறுதியில்லை. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி., வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் குறுகிய இடத்தில் வைத்துக் கேட்பதற்காக 1970களில் எல்.எஸ். 3/5 என்னும் சிறு ஒலிபெருக்கியை உருவாக்கிற்று. பெட்டியின் உள்ளளவு ஏறத்தாழ 5 லிட்டரே. கெஃப் நிறுவனத்தின் பி 110 ஊஃபரும் டி 27 ட்வீட்டரும் அதில் இடம்பெற்றன. மேலும் பல பெட்டிகள் செய்ய முற்பட்டபோது, அதே பெயரில் வந்த டிரைவர்களின் தன்மை மாறியிருந்தது. பொறியாளர்கள் அமைப்பையே திருத்த வேண்டியதாயிற்று. இன்று உலகெங்கும் பேசப்படும் எல்.எஸ். 3/5ஏ என்னும் பெயரின் கடைசி எழுத்து அந்தத் திருத்தத்தின் தழும்பு. 1987-இல் மறுபடியும் டிரைவரும் கிராஸ்ஓவரும் மாறின. 15 ஓம் என்றிருந்தது 11 ஓம் ஆயிற்று. முந்திய வகைக்குப் பிந்திய வகையின் ஊஃபரை வாங்கிப் பொருத்துவோர் உண்டு. அது வேறொருவர் கண்ணாடியை அணிந்து படிப்பது போன்றது.

ஓம் எண்ணை அலட்சியம் செய்வது ட்வீட்டரில் இன்னும் தெளிவாய்த் தண்டிக்கும். எளிய பெட்டிகளில் ட்வீட்டருக்கு முன் ஒரே ஒரு மின்தேக்கி காவல் நிற்கிறது. 8 ஓம் ட்வீட்டருக்கு அது 3000 ஹெர்ட்ஸில் கதவைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 4 ஓம் ட்வீட்டரை வைத்தால் கதவு 6000 ஹெர்ட்ஸில்தான் திறக்கும். இடையிலுள்ள ஒலிகள், அதாவது பாடகரின் சொற்களுக்குத் தெளிவு தரும் பகுதி, நலிந்துவிடும். இன்னொன்று: ட்வீட்டரின் இயல்பு அதிர்வெண், அது ஒலிக்கத் தொடங்கும் இடத்திற்கு ஒரு ஸ்தாயியாவது கீழே இருத்தல் நல்லது. மீட்டர் கொண்டு அளந்து 6 ஓம் காட்டுகிறதே என்று மயங்க வேண்டாம். 8 ஓம் டிரைவரின் சுருள், நேர்மின்னோட்டத்திற்கு ஏறத்தாழ அவ்வளவுதான் காட்டும். ட்வீட்டர் ஊமையானால் அதைப் பழிக்குமுன் மின்தேக்கியைச் சோதியுங்கள். பழைய எலெக்ட்ரோலிட்டிக் வகைகள் காலப்போக்கில் வறண்டு போகும்.

டெசிபெல் அளவும் பொருந்த வேண்டும். 3 டெசிபெல் மிகுதி என்றால் இருமடங்கு ஆற்றல். ட்வீட்டர் ஊஃபரைவிட அவ்வளவு உரத்திருந்தால் ஜண்டை விழுந்த தாளம் மட்டுமே காதில் நிற்கும். உரத்த ட்வீட்டரை மின்தடை கொண்டு தணிக்கலாம். மெல்லியதை உயர்த்த வழியில்லை. அளவுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘ஆறரை அங்குலம்’ என்பது வெறும் பெயர். துளையின் விட்டம், திருகுகளின் இடைவெளி, காந்தத்தின் ஆழம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் அளந்துகொள்க.

இறுதியில் நான் எந்தப் புதிய டிரைவரையும் வாங்கவில்லை. கூம்பும் சுருளும் நலமாகவே இருந்தன. உதிர்ந்தது விளிம்பு மட்டுந்தானே? அதே அளவும் அதே மென்மையும் கொண்ட நுரை வளையங்கள் இரண்டு வாங்கினேன். வலப் பெட்டியின் விளிம்பும் அதே வயதுடையதாகையால் அதையும் மாற்ற முடிவு செய்தேன். பழைய பிசினைச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் பிடித்தது. சுருள் காந்தத்தில் உரசாமல் நடுவில் நிற்பதற்காக மெல்லிய தாள் கீற்றுகளைச் சுற்றிலும் செருகி, விளிம்பை ஒட்டி, ஓரிரவு காயவிட்டேன். மறுநாள் அளந்தபோது பெட்டிக்குள் இடப்பக்கம் 78 ஹெர்ட்ஸ், வலப்பக்கம் 80. அன்று இரவு விளக்கைத் தணித்துவிட்டு மாமாவின் வீணை இசைத்தட்டு ஒன்றை வைத்தேன். என் மகள் வாசலில் நின்று சிறிது நேரம் கேட்டுவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தாள்.