டம்டம் – மீனம்பாக்கம்: டிக்கெட்டில் 2 மணி 20 நிமிடம்; வீட்டுக்கு எவ்வளவு?

கொல்கத்தா டம்டம் விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 1,380 கிலோ மீட்டர். ஹவுரா – சென்னை ரயில் பாதையோ 1,660 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். ரயில் புவனேசுவரம், விசாகப்பட்டினம், விஜயவாடா என்று கரையை ஒட்டி வளைந்து செல்கிறது. நேர்க்கோடு வங்கக் கடலுக்கு மேலாகக் குறுக்கே போகிறது.

1977-ல் தொடங்கிய கோரமண்டல் எக்ஸ்பிரசில் சென்னை சேர 25 மணிக்கு மேல் ஆகும். விமானத்துக்கு அட்டவணைப்படி சுமார் 2 மணி 20 நிமிடம். நிற்கும் இடத்தை விட்டு நகர்ந்து, மேலேறி, பறந்து, இறங்கி, மறுபடி நிற்கும் வரை எல்லாம் இதில் அடக்கம்.

நாகபுரி வழியே

முன்பு இவ்வளவு சுருக்கமில்லை. 1949 ஜனவரி 30-ல் இரவுத் தபால் விமானங்கள் தொடங்கின. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் விமானங்களும் நள்ளிரவில் நாகபுரியில் கூடும். தபாலையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு திரும்பும். நம்மவர் சுமார் 1,890 கிலோ மீட்டர் சுற்றி, பொழுது விடியச் சென்னை சேர்ந்தனர்.

உண்மைக் கணக்கு

ஊரிலிருந்து துக்கச் செய்தி வருகிறது. "எப்போது வருவாய்? காத்திருக்கலாமா?" என்று கேட்கிறார்கள். அப்போது டிக்கெட்டில் உள்ள நேரத்தைச் சொன்னால் போதாது.

தென் கொல்கத்தாவில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் கணக்கைப் பாருங்கள். வீட்டிலிருந்து டம்டம் செல்ல ஒன்றரை மணி. அங்கே காத்திருக்க இரண்டு மணி. விமானத்தில் 2 மணி 20 நிமிடம். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போக ஒன்றே முக்கால் மணி. பஸ்சில் சுமார் 11 மணி. ஆகமொத்தம் பதினெட்டரை மணிக்கு மேல்! அதில் விமானத்தின் பங்கு எட்டில் ஒன்றுதான்.

ஆகவே விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, சென்னையில் கிடைக்கும் பஸ்சை முதலில் பாருங்கள். பிற்பகலில் இறங்கினால் மாலை பஸ் பிடித்து, விடியற்காலையில் நெல்லை சேரலாம். அங்கிருந்து கிராமத்துக்கு டவுன் பஸ்சும் கிடைக்கும். கட்டணம் குறைவென்று இரவு 11 மணிக்கு இறங்கும் விமானத்தில் போனால், பஸ்கள் பெரும்பாலும் புறப்பட்டிருக்கும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, பாதி நாளை இழக்க நேரும்.

டிக்கெட் எடுத்ததும் ஊருக்குப் போன் செய்து, விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். வீட்டு வாசலை மிதிக்கும் நேரத்தைச் சொல்லுங்கள். காத்திருப்பவர்களுக்கு வேண்டியது அதுதான்.