அஞ்சு நாள் தீவு வாசம்... சிங்கப்பூர் பிள்ளைகளின் 'கடல் வகுப்பு'! பெற்றோர் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

முதுகில் பெரிய பை. பக்கத்தில் முன்பின் பார்த்திராத வேறு பள்ளிப் பிள்ளைகள். கூடாரத்தில் தூக்கம், காட்டுப் பாதையில் நடை, கடலில் கயாக் படகு... பதினைந்து வயதுப் பிள்ளையை இப்படி ஐந்து நாள் அனுப்பச் சொன்னால், எந்த வீட்டிலும் முதலில் வரும் கேள்வி, 'நம்ம புள்ள தாங்குமா?' என்பதுதான். சிங்கப்பூரில் இது பள்ளிப் படிப்பின் ஒரு பகுதி!

போர்க்காலத்தில் பிறந்த யோசனை

இதை நடத்துவது 'அவுட்வர்டு பவுண்டு சிங்கப்பூர்'. கரையை விட்டுப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் மாலுமிகளின் சொல்தான் இந்தப் பெயர். இரண்டாம் உலகப் போர் நடந்த 1941-ல், கல்வியாளர் கர்ட் ஹான், கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட் இருவரும் வேல்ஸ் நாட்டின் அபர்டவி என்ற கடலோர ஊரில் முதல் பள்ளியைத் தொடங்கினார்கள். இளம் மாலுமிகளுக்கு மன உறுதியை வளர்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

சிங்கப்பூர் தனி நாடான இரண்டே ஆண்டுகளில், 1967-ல், கோ கெங் ஸ்வீயின் முயற்சியால் புலாவ் உபின் தீவில் இந்தப் பயிற்சிப் பள்ளி வந்தது.

பள்ளிகளோடு கூட்டணி

2016-ல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தது. உயர்நிலை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எல்லோரும் இந்த ஐந்து நாள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பதுதான் அது. இடையில் வந்த கொரோனாவால் முகாம்கள் தடைபட்டன.

இதில் முக்கியமான அம்சம், ஒரே குழுவில் பல பள்ளி மாணவர்களைக் கலப்பது. புகழ்பெற்ற பள்ளியில் படிக்கும் பிள்ளையும், குடியிருப்புக்குப் பக்கத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் ஒரே படகில் துடுப்புப் போட வேண்டும். யார் எவ்வளவு மார்க் என்பதைக் கடல் கேட்காது!

உலுக்கிய சம்பவம்

பள்ளிகள் தனியார் நிறுவனங்களை அமர்த்தி நடத்தும் முகாம்களும் உண்டு. 2021 பிப்ரவரியில், யீஷூனில் நடந்த அப்படியொரு முகாமில், உயரத்தில் கயிற்றுப் பாதையைக் கடந்த 15 வயது மாணவர் கால் தவறினார். பாதுகாப்புப் பட்டையில் தொங்கிய நிலையிலேயே மயங்கியவர், மறுநாள் மருத்துவமனையில் இறந்துபோனார். நாடே அதிர்ந்தது. பள்ளிகளில் உயரத்தில் செய்யும் சாகசப் பயிற்சிகள் அனைத்தையும் அமைச்சகம் உடனே நிறுத்திவைத்தது.

பட்டை கட்டியிருப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. அதைச் சரியாகக் கட்டியிருக்க வேண்டும். தொங்குபவரைச் சட்டென்று கீழே இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்...

முகாமுக்கு ஒப்புதல் கேட்டு எந்த ஊர்ப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தாலும், இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

1. பயிற்சியாளர்களுக்கு முறையான தகுதி இருக்கிறதா? ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள்?

2. கயிறு, பட்டை, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிய பிறகு இன்னொருவர் சரிபார்ப்பாரா?

3. அவசரத்தில் பிள்ளையை மீட்கும் ஒத்திகை நடந்திருக்கிறதா? மருத்துவமனை எவ்வளவு தூரம்?

4. ஆஸ்துமா, வலிப்பு, அலர்ஜி விவரங்கள் முகாமில் இருப்பவர் கைக்குப் போகுமா? (நீங்களும் எதையும் மறைக்காமல் எழுதுங்கள்!)

5. பயமாக இருந்தால் பிள்ளை 'வேண்டாம்' என்று சொல்லலாமா?

கடைசிக் கேள்வியைப் பிள்ளையிடமும் பேசிவிடுங்கள். 'முடியலைன்னா தைரியமா சொல்லுப்பா, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க' என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.