பக்கத்து வீட்டு மாமா தூங்கட்டும், நான் கித்தார் பழகுகிறேன்

ஜெராமில் எங்கள் வீடு வரிசை வீடுகளின் நடுவில் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமாவுக்குக் காப்பாரில் தொழிற்சாலை வேலை, இரவு ஷிப்ட். காலை எட்டு மணிக்கு வந்து படுப்பார். இரு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர் தும்மினால் எங்கள் வீட்டில் கேட்கும்.

எஸ்.பி.எம். முடிந்ததும் மூன்று மாதம் பகுதி நேர வேலை செய்தேன். அந்தக் காசில், யாரோ பயன்படுத்திய எலக்ட்ரிக் கித்தார் ஒன்றை 350 வெள்ளிக்கு வாங்கி வந்தேன். எம்ப்ளிஃபையர் வாங்கக் காசு மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தாலும் வாங்கியிருக்க முடியாது. அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பகல்ல அவர் தூக்கத்தக் கெடுத்துட்டா, ராத்திரி மெஷின் முன்னால நிக்கிறப்ப அவர் கைக்கு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?"

அதனால் எம்ப் இல்லாமலே பழகத் தொடங்கினேன். நான்கு ஆண்டுகளாக அப்படித்தான். நான் செய்த தப்புகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு, அப்பாவின் பழைய ஹைஃபை செட்டில் கித்தாரைச் சொருகியது. தகர டப்பாவைத் தட்டியதுபோல் ஒலி வந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. எலக்ட்ரிக் கித்தாரின் உடல் வெறும் கட்டை. மரப்பெட்டிக் கித்தாரைப்போல் உள்ளே வெற்றிடம் கிடையாது, அதனால் தந்தியின் அதிர்வு காற்றைப் பெரிதாக அசைப்பதில்லை. தந்திக்குக் கீழே உள்ள பிக்-அப்தான் அந்த அதிர்வைச் சிறு மின்னழுத்தமாக மாற்றுகிறது. பிக்-அப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக ஓடும் மெல்லிய செம்புக் கம்பியும்தான். படிவம் ஐந்து இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டலே இது. இந்த மெலிந்த சமிக்ஞைக்கு ஏறக்குறைய 1 மெகா ஓம் தடையுள்ள உள்ளீடு வேண்டும். ஹைஃபை செட்டில் அது மிகக் குறைவு என்பதால் மேல்சுருதி ஒலிகள் செத்துப்போகின்றன.

எம்ப் என்றால் சத்தம் கூட்டும் பெட்டி என்று மட்டுமே நினைத்திருந்தேன். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வாசித்ததைக் கேட்ட பிறகு அந்த எண்ணம் மாறியது. சாதாரண மாண்டலினில் இரட்டைத் தந்திகள் இருக்கும். மீட்டியதும் ஒலி மங்கிவிடும். கர்நாடக இசையின் கமகத்துக்கு நாதம் நீண்டு நிற்க வேண்டும். அவர் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினை வாசித்தார். மின்சாரம் அவருக்குச் சத்தத்தைவிட நாதத்துக்கே உதவியது.

ஹெட்ஃபோனில் பழகுவது இன்றைக்கு வந்த யோசனையும் அல்ல. எம்.ஐ.டி.யில் பொறியியல் படித்தவரும் 'பாஸ்டன்' ராக் குழுவின் கித்தார் கலைஞருமான டாம் ஷோல்ஸ், 1982-இல் 'ராக்மேன்' என்ற சிறு ஹெட்ஃபோன் எம்ப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று அந்த வேலையைக் கைப்பேசியும் மடிக்கணினியும் செய்கின்றன. நான் யாரோ பயன்படுத்திய யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை 150 வெள்ளிக்கு வாங்கினேன். 'நியூரல் எம்ப் மாடலர்' போன்ற இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் 'கேபினட்' பகுதியையும் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்டோர்ஷன், குளவி காதுக்குள் புகுந்ததுபோல் இரையும்.

அடுத்த தப்பு, புளூடூத் ஹெட்ஃபோன். தந்தியைத் தட்டி முடித்த பிறகுதான் ஒலி வரும். ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 10 மில்லிவினாடி தாமதம் என்றால், எம்ப் மூன்றரை மீட்டர் தள்ளி இருப்பதைப் போன்றது. அதைச் சமாளித்துவிடலாம். புளூடூத்தில் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிவினாடிக்கு மேல் போகும்; அதாவது 34 மீட்டர், திடலின் அந்தக் கோடியில் நின்று கேட்பதுபோல. கம்பியுள்ள ஹெட்ஃபோனே போதும். மென்பொருளின் 'பஃபர்' அளவை 128-க்குக் குறைத்துப் பாருங்கள்.

காதுக்கும் ஒரு வார்த்தை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். மாமாவின் தூக்கத்தைக் காப்பாற்றப் போய் என் காதைக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகும் மேடையில் மாட்டிக்கொண்டேன். போன ஆண்டு பல்கலைக்கழகத்தில் பொங்கல் இரவு. முதன்முறையாக உண்மையான எம்ப். நான் தொடாத தந்திகளெல்லாம் முணுமுணுத்தன, பிறகு ஊளையிட்டன. ஸ்பீக்கரின் ஒலியே தந்திகளை மீண்டும் அதிர வைத்து, அது மறுபடி பிக்-அப்புக்குள் போய்ச் சுற்றிக்கொண்டே இருந்தது. முன்வரிசை நண்பர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். டிரம்ஸ் வாசித்த அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது புரிந்தது. பாதி நாள் எதிலும் சொருகாமல்தான் பழகியிருந்தேன். காதில் விழ வேண்டுமே என்று தந்தியை ஓங்கி அடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. மற்ற தந்திகளை உள்ளங்கையாலும் இடக்கை விரல்களாலும் அடக்கும் பழக்கம் வரவே இல்லை. அடங்காத தந்தி சத்தம் போட்டாலும் சொருகாத கித்தாரில் கேட்காதே!

இப்போது விரல் பயிற்சிக்கும் மெட்ரோனோமுக்கும் மட்டும் பத்து நிமிடம் சொருகாமல் வாசிக்கிறேன். மீதி நேரம் ஹெட்ஃபோன். ஒலி அளவைக் குறைத்து, கெயினைக் கூட்டி, ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் உள்ள அமைதியைக் கவனிக்கிறேன். அங்கே இரைச்சல் கேட்டால் மறுபடி முதலிலிருந்து. சலிப்பான வேலைதான். ஆனால் இரண்டே மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு விடுமுறை. மோட்டாரைக் கழுவிக்கொண்டே கேட்டார், "என்னய்யா, அந்தக் கித்தார வித்துட்டியா? சத்தத்தையே காணோம்?"

"இல்ல மாமா, தெனமும் வாசிக்கிறேன்."

நம்பவில்லை. ஹெட்ஃபோனை எடுத்துவந்து அவர் காதில் மாட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். "பழைய பாட்டு ஏதாச்சும் தெரியுமா?" என்றார்.

ஒன்றைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.