நீலத்திமிங்கில வகைப்பாடு: பெயரும் சான்றும்

மட்டக்களப்பு வாவியின் ‘பாடும் மீனை’ அறியாதார் இல்லை. முகத்துவாரத்துக்கு அப்பால், ஆழ்கடலிலே பாடும் நீலத்திமிங்கிலத்தைப் பற்றியோ நாம் அதிகம் எழுதியதில்லை. பல்லுக்குப் பதிலாக உணவை வடிக்கும் தகடுகள் கொண்ட இவ்வுயிருக்கு, கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகப் பொறுப்பாளர் எட்வர்ட் பிளைத் 1859இல் ‘இண்டிக்கா’ எனப் பெயரிட்டார். அரக்கான் கரையில் ஒதுங்கிய உடலின் எலும்புகள் அவர் கைக்கு எட்டியிருந்தன. குடியேற்ற ஆட்சியின் சேகரிப்பே பெயருக்கு ஆதாரமாயிற்று.

1966இல் ஜப்பானிய ஆய்வாளர் இச்சிஹாரா தென்கடற் குள்ள நீலத்திமிங்கிலத்தை ‘பிரெவிகௌடா’ எனும் கிளையினமாக வரையறுத்தார். இரண்டும் ஒன்றா, வேறா?

இவ்வினாவுக்கான முக்கிய சான்று கொலையிலிருந்தே கிடைத்தது. 1963–66 காலத்தில் சோவியத் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் 1,294 நீலத்திமிங்கிலங்களைச் சட்டவிரோதமாகக் கொன்றன. அவ்வுடல்களை ஆராய்ந்தபோதே, வடக்கின் இனப்பெருக்கக் காலம் தெற்கினதினின்று ஏறத்தாழ ஆறு மாதம் விலகியிருப்பது புலனாயிற்று. சோவியத் ஒன்றியம் குலைந்த பின்னரே உண்மைக் கணக்கு வெளிவந்தது. இலாப வேட்டையை மட்டும் கண்டித்துவிட்டு, திட்ட இலக்கின் பெயரால் நடந்த இவ்வேட்டையை முற்போக்காளர் மறைத்தல் நேர்மையன்று.

கருத்து வேறுபாடு முற்றாக நீங்கவில்லையெனினும், ‘இண்டிக்கா’ இன்று தனிக் கிளையினமாகவே பெரிதும் கொள்ளப்படுகிறது. அதற்குத் துணைநிற்கும் மற்றொரு சான்று 1984இல் திருகோணமலைக்கு அப்பால் பதிவுசெய்யப்பட்ட பாடலாகும். தாழ்ந்த அவ்வொலி, தென்கடற் கூட்டங்களின் பாடல்களினின்று தெளிவாக வேறுபடுகிறது. அதனைப் பெற எவ்வுயிரையும் கொல்ல வேண்டியிருக்கவில்லை.