கண்ணில் படாத மான், காணாமல் போன மானா?



நாலு கொம்பு உள்ள மான் உண்டு தெரியுமா? கதை இல்லை, நிஜம்! அதன் பெயர் நாற்கொம்பு மான். தெலுங்கில் கொண்டகொர்ரெ, கன்னடத்தில் கொண்டகுரி. காட்டுப் பாலூட்டிகளில் நாலு கொம்பு உள்ளது உலகத்திலேயே இது ஒன்றுதான். இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டுமே வாழ்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தார்கள். அங்கே வாழும் அபூர்வ விலங்குகளில் இதுவும் ஒன்று.

ஆண் மானுக்குத்தான் கொம்பு. முன்னால் சின்னதா இரண்டு, பின்னால் கொஞ்சம் பெரிசா இரண்டு. புள்ளிமானின் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும். இதற்கு விழவே விழாது. அப்படிப்பட்ட மானை இரலை என்பார்கள்.

நம்ம பக்கத்துக் காட்டு மானை நாம் ஏன் பார்த்ததில்லை? அது ஆட்டுக்குட்டி மாதிரி சின்னது, எடை சுமார் 20 கிலோ. கூட்டமா வராது. தனியாகவோ ஜோடியாகவோ புல்லுக்குள் பதுங்கிக்கொள்ளும். "அதெல்லாம் அழிஞ்சு போச்சு" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆப்பிரிக்காவிலும் இப்படித்தான் நடந்தது. அங்கோலா நாட்டில் மட்டும் வாழும் ராட்சதக் கருப்பு இரலைக்குக் கொம்பே ஒன்றரை மீட்டர் வளரும். அந்த நாட்டுக் கால்பந்து அணிக்கே அதன் பெயர்தான்! 1975 முதல் 2002 வரை அங்கே உள்நாட்டுப் போர். இரலை அழிந்துவிட்டது என்றே பலரும் பயந்தார்கள். பேத்ரோ வாஸ் பிந்தோ என்ற விஞ்ஞானி விடவில்லை. புழுக்கைகளைச் சேகரித்து மரபணுச் சோதனை செய்தார்கள். மரங்களில் தானியங்கி கேமரா கட்டினார்கள். 2005-இல் படம் விழுந்தது. உயிரோடு இருக்கிறது!

ஆனால் கங்கண்டலா தேசியப் பூங்காவில் பெண் இரலைகள் இருந்தன, ஆண் இல்லை. இனம் பெருகுவது எப்படி? 2009-இல் லுவாண்டோ காட்டிலிருந்து ஓர் ஆணை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதன்பின் குட்டிகள் பிறந்தன. பக்கத்துக் கிராமத்து ஆட்களே காவலுக்கும் நின்றார்கள்.

அங்கே பெரிய ஆபத்து சுருக்குக் கண்ணி. இங்கேயும் அதேதான். பன்றிக்கு, முயலுக்கு என்று வைக்கிற கண்ணிக்கு எது மான், எது முயல் என்று தெரியுமா? நாய் துரத்தினாலும் இந்தச் சின்ன மான் தப்பிப்பது கஷ்டம். புல்லுக்குத் தீ வைத்தால் பதுங்க இடமே இருக்காது.

அதற்காக மானைத் தேடி யாரும் காட்டுக்குள் போயிடாதீங்க, யானை இருக்கு! நாம் செய்யக்கூடியது இவ்வளவுதான்:

1. கண்ணியைப் பார்த்தால் பெரியவர்கள் மூலம் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.
2. ஆடு மாடு மேய்க்கப் போகும்போது நாயைக் கூட்டிப் போகாதீர்கள்.
3. காட்டு ஓரத்தில் தீ வைக்க விடாதீர்கள்.

கண்ணில் படாதது எல்லாம் அழிந்துபோனது இல்லை. ஆனால் நாம் சும்மா இருந்தால் நிஜமாகவே அழிந்துவிடும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, ஜவளகிரி