நாலு மணிப் பசியும் மூன்று பேணிகளும்



மாலை நாலு மணிக்கு நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். டியூஷன் வகுப்புக்குப் போன மூத்தவன் வருகிறான். குர்ஆன் மதரஸாவுக்குப் போன சின்னவள் வருகிறாள். அஸர் தொழுதுவிட்டு வாப்பாவும் தேநீருக்கு வந்து அமர்கிறார். "உம்மா, தின்ன என்ன இருக்கு?" என்ற குரல் வாசலிலேயே கேட்கிறது. அந்த நேரத்தில் குசினியில் ஒன்றும் இல்லாவிட்டால் அடுத்து நடப்பதும் நமக்குத் தெரிந்ததே. சந்திக் கடைக்கு ஒரு பிள்ளை ஓடும். நாலு ரோல்ஸும் ஒரு பக்கற் பிஸ்கட்டும் ஒரு போத்தல் குளிர்பானமும் வீட்டுக்கு வரும்.

உம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது என்றோ, அவர் சோம்பேறி என்றோ இதற்குக் காரணம் சொல்ல முடியாது. பசி பத்து நிமிடத்துக்கு மேல் பொறுக்காது. நம் பலகாரங்களோ ஊற வேண்டும், இடிக்க வேண்டும், அரிக்க வேண்டும், அவிக்க வேண்டும் என்று நேரம் கேட்கின்றன. இந்த இடைவெளியில்தான் கடைத் தீனி நம் வீட்டுக்குள் நுழைகிறது. ஆகவே அதற்கு மாற்று மருந்தும் முன்னேற்பாடுதான். குசினித் தட்டில் மூன்று பேணிகள் எப்போதும் நிறைந்திருக்குமானால், காலைச் சாப்பாடு, பாடசாலைப் பெட்டி, நாலு மணித் தேநீர் ஆகிய மூன்றையும் அதிகச் செலவின்றிச் சமாளிக்கலாம்.

2022 நமக்குக் காட்டியது

விலையேற்றம் என்றால் என்ன என்பதை 2022ஆம் ஆண்டு நம் ஒவ்வொரு வீட்டுக்கும் காட்டித் தந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டம்பரில் உணவுப் பொருட்களின் விலை, ஓராண்டுக்கு முன்பிருந்ததை விட ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. நாட்டில் 63 இலட்சம் பேர் போதிய உணவின்றி இருப்பதாக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் அதே மாதத்தில் அறிவித்தன. எரிவாயு சிலிண்டருக்காக இரவு பகலாக வரிசையில் நின்றதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். பின்னர் விலையேற்றத்தின் வேகம் தணிந்தது. ஆனால் ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

அந்தக் காலத்தில் ஓர் உண்மை தெளிவாயிற்று. பாணும் ரோல்ஸும் பிஸ்கட்டும் கோதுமை மாவால் ஆனவை. கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை. கப்பலில்தான் வர வேண்டும். டொலர் ஏறினால் பாண் விலையும் ஏறும். அரிசி, குரக்கன், பயறு, கௌபி, தேங்காய், மரவள்ளி, முருங்கையிலை ஆகியவையோ இந்த மண்ணிலேயே விளைபவை. நம் மூத்தம்மாமாரின் குசினி இவற்றை நம்பித்தான் நடந்தது.

முதலாம் பேணி: வறுத்த மா

சிவப்புப் பச்சையரிசி ஒரு கிலோவை மூன்று மணி நேரம் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்து, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். மாவை அரித்து, அகன்ற தாச்சியில் இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். ஆவி அடங்கி, அகப்பையால் அள்ளிப் போடும்போது மா மணல்போல உதிர்ந்தால் அதுவே பதம். நன்றாக ஆறிய பிறகே பேணியில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து, மா பூஞ்சணம் பிடித்துவிடும். இதன் பக்கத்திலேயே குரக்கன் மாவையும் ஒரு சிறு பேணியில் வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. வளரும் பிள்ளைகளின் எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டியது.

இந்தப் பேணி இருந்தால் பிட்டும் இடியப்பமும் நினைத்த நேரத்தில் ஆகும். அவற்றை நீங்கள் அறிவீர்கள். இங்கே இன்னும் இலகுவான ஒன்று.

குரக்கன் தேங்காய் ரொட்டி

தேவையான பொருட்கள்: குரக்கன் மா 1 கோப்பை, வறுத்த அரிசி மா 1 கோப்பை, துருவிய தேங்காய் முக்கால் கோப்பை, சிறிதாக அரிந்த வெங்காயம் 1, பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை சிறிது, உப்பு, சுடுநீர்.

செய்முறை: எல்லாவற்றையும் கலந்து, சுடுநீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, முதலில் அகப்பைக் காம்பாலும் சூடு தணிந்ததும் கையாலும் பிசையுங்கள். குளிர்நீரில் பிசைந்தால் இந்த மா ஒட்டாது, தட்டும்போது வெடிக்கும். தேசிக்காய் அளவை விடச் சற்றுப் பெரிய உருண்டைகளாக்கி, வாழையிலைத் துண்டில் வைத்து உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, எண்ணெய் விடாமல் சூடான தாச்சியில் இரு பக்கமும் சுட்டெடுங்கள். எட்டு அல்லது ஒன்பது ரொட்டி வரும்.

இதற்குக் கட்டைச் சம்பல் பொருத்தமானது. செத்தல் மிளகாய் 6, சின்ன வெங்காயம் 10, மாசித்தூள் 2 தேக்கரண்டி, உப்பு ஆகியவற்றை இடித்து, தேசிப்புளி விட்டால் முடிந்தது. சிறு பிள்ளைகளுக்கு உறைப்பு ஆகாது என்றால், அவர்களுடைய ரொட்டியில் மிளகாயைத் தவிர்த்து, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியோடு கொடுங்கள்.

இரண்டாம் பேணி: வறுத்த பயற்றமா

அரைக் கிலோ பயற்றைக் கல் நீக்கி, வாசனை வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியதும் உடைத்துக் கோதைப் புடைத்துவிட்டு மாவாக்குங்கள். பயற்றில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதம். மீனும் இறைச்சியும் வாங்க முடியாத நாட்களில் இந்தப் பேணிதான் கைகொடுக்கும்.

பயற்றம் உருண்டை

தேவையான பொருட்கள்: பயற்றமா 2 கோப்பை, துருவிய தேங்காய் 1 கோப்பை, துருவிய கருப்பட்டி முக்கால் கோப்பை, தண்ணீர் கால் கோப்பை, ஏலக்காய் 2, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை.

செய்முறை: தேங்காய்ப்பூவை ஈரம் போகும்வரை வெறும் தாச்சியில் வறுத்து, பயற்றமாவோடு சேர்த்து வையுங்கள். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அடுப்பில் வைத்துக் காய்ச்சுங்கள். விரலால் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுக்கும் பதத்தில் இறக்கி, ஏலமும் மிளகும் போட்டு, மாவில் ஊற்றிக் கிளறுங்கள். கைபொறுக்கும் சூட்டில் உருட்ட வேண்டும், ஆறவிட்டால் உதிரும். இருபது உருண்டை அளவில் வரும்.

பெருநாளைக்கென்றால் மாக்கரைசலில் தோய்த்துப் பொரிப்பார்கள். அன்றாடத்துக்கு அந்தப் பொரியல் வேண்டாம். தேங்காய் சேர்ந்திருப்பதால் இரண்டு நாளைக்குள் தின்று முடிக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதுவரை மிஞ்சுவதே பெரிது!

மூன்றாம் பேணி: முழுத் தானியம்

கௌபி, கடலை, பயறு ஆகிய மூன்றையும் கலக்காமல் தனித்தனியாக வைத்து, ஒவ்வொரு நாளும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இஷா தொழுகை முடிந்து படுக்கப் போகுமுன் ஆளுக்கு ஒரு கைப்பிடி அள்ளித் தண்ணீரில் போட்டுவிடுவதை வழக்கமாக்குங்கள். ஒரு நிமிட வேலை இது. ஊறிய தானியம் விரைவில் அவியும், எரிவாயுவும் மிச்சமாகும். ஊறிய பயற்றை வடித்து ஈரத்துணியில் முடிந்து இன்னும் ஒரு நாள் வைத்தால் முளைவிடும். வறண்ட பயற்றில் இல்லாத அளவு விற்றமின் சி முளைப்பயற்றில் உண்டாகிறது.

கௌபித் தாளிதம்

தேவையான பொருட்கள்: கௌபி 250 கிராம், பெரிய வெங்காயம் 1, செத்தல் மிளகாய் 3, கடுகு அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை, எண்ணெய் 2 தேக்கரண்டி, உப்பு, தேசிக்காய் பாதி.

செய்முறை: இரவில் ஊறிய கௌபியைப் புதுத் தண்ணீரில் அவித்து, குழைந்துவிடாமல் இறக்கி, ஒட்ட வடியுங்கள். எண்ணெயில் கடுகு, மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து, கௌபியையும் உப்பையும் போட்டுப் பிரட்டி இறக்கித் தேசிப்புளி விடுங்கள். வீட்டில் உடனே சாப்பிடுவதானால் தேங்காய்ப்பூ தூவலாம். பாடசாலைப் பெட்டிக்குத் தேங்காய் சேர்க்க வேண்டாம். மூடிய பெட்டிக்குள் வெப்பத்தில் அது இடைவேளைக்கு முன்பே புளித்துவிடக் கூடும்.

தேசிப்புளி ருசிக்கு மட்டுமல்ல. தானியத்திலுள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்க அது துணைசெய்கிறது. தேநீரோ அதைத் தடுக்கிறது. ஆகவே கௌபி சாப்பிட்ட கையோடு பிள்ளைகளுக்குத் தேநீர் கொடுக்காமல், ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது முக்கியம்.

கட்லட் வேண்டும் என்று அடம்பிடித்தால்?

பிள்ளைகள் எந்நாளும் கௌபியும் உருண்டையும் தின்ன மாட்டார்கள் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நியாயம்தான். கிழமையில் ஒரு நாள் கட்லட் செய்யுங்கள். ஆனால் அதை வீட்டில் செய்யுங்கள்.

அரைக் கிலோ உருளைக்கிழங்கை அல்லது ஈரப்பலாக்காயை அவித்து மசியுங்கள். மீன் 200 கிராமை உப்பும் மிளகும் போட்டு அவித்து, முள் நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையைச் சிறிது எண்ணெயில் வதக்கி, மீனைப் போட்டுப் பிரட்டி, மசித்த கிழங்கோடு சேர்த்துத் தேசிப்புளி விட்டுப் பிசைந்து தட்டையாக்குங்கள். அடித்த முட்டையில் தோய்த்து, தூளில் புரட்டி எடுங்கள். தூளுக்கு ரஸ்க் வாங்கத் தேவையில்லை. மிஞ்சிய பாணை வெறும் தாச்சியில் காயவைத்து இடித்தால் போதும். தட்டையான தாச்சியில் நாலு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, இரு பக்கமும் பொன்னிறமாகப் புரட்டி எடுத்தால் தாச்சி நிறைந்த எண்ணெய் வீணாகாது. பல தடவை கறுக்கக் கறுக்கச் சூடாக்கிய எண்ணெயில் பொரிப்பதுதான் கடைத் தீனியின் பெரிய குறை. நம் வீட்டில் அந்தக் குறை இருக்கக் கூடாது.

நோன்புக்கு மட்டுமா கஞ்சி?

ரமழான் மாதம் முழுதும் மணக்கும் கஞ்சியை மற்றப் பதினொரு மாதங்களும் நாம் மறந்துவிடுகிறோம். காய்ச்சல்காரருக்கும் பல்லில்லாத மூத்தவாப்பாவுக்கும் மழைநாளின் இரவுச் சாப்பாட்டுக்கும் இதை விட இதமானது எது?

ஆறு பேருக்கு: அரிசி 1 கோப்பை, கொத்திய இறைச்சி 100 கிராம் (இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி பயறு), உள்ளி 1 முழுப்பூடு, இஞ்சி ஒரு துண்டு, வெந்தயம் 1 தேக்கரண்டி, ரம்பை, கறுவா, ஏலம், கராம்பு, வெங்காயம் 1, தண்ணீர் 8 கோப்பை. தேங்காய்ப்பால் தவிர்ந்த எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, அரிசி குழையும்வரை இளஞ்சூட்டில் வேகவிட்டு, கடைசியில் ஒரு கோப்பை தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்து, ஒரு கொதியில் இறக்குங்கள். இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை போட்டால் சத்தும் கூடும்.

சில குறிப்புகள்

மிஞ்சிய சோற்றைப் பானையோடு இரவு முழுதும் வெளியில் விடாதீர்கள். அகன்ற பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, விரைவில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் வறுத்த மாவும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து ரொட்டியாகச் சுடலாம். வாடை மாறியிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

குளிர்பானம் வாங்கும்போது போத்தலின் நிற அடையாளத்தைப் பாருங்கள். சீனியின் அளவைக் காட்ட 2016இல் நம் நாட்டில் அறிமுகமான முறை அது. சிவப்பு என்றால் சீனி மிக அதிகம். ஒரு தேசிக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சீனியும் போதும், நாலு பேரின் தாகம் தீர.

எல்லாம் உம்மாவின் தலையிலா?

கடைசியாக ஒன்று. மேலே சொன்னவை யாவும் உம்மா ஒருவரே செய்ய வேண்டியவை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அப்படியானால் இரண்டு கிழமையில் பேணிகள் காலியாகும். மூன்றாம் கிழமை ரோல்ஸ் திரும்பி வரும். மில்லுக்குப் போவது வாப்பாவின் வேலையாக இருக்கட்டும். தேங்காய் துருவுவதை மூத்த மகன் பழகட்டும். ஆண் பிள்ளை குசினிக்குள் வந்தால் எதுவும் குறைந்துவிடாது. இரவில் கௌபி ஊறப்போடுவது சின்னவளின் பொறுப்பாகட்டும். உருண்டை பிடிப்பதென்றால் அழைக்காமலே எல்லாரும் வருவார்கள். தன் கையால் உருட்டியதைப் பிள்ளை வேண்டாம் என்று சொல்வது அருமை.

மூன்றையும் ஒரே நாளில் நிரப்ப முயல வேண்டாம், சகோதரிகளே. இந்தக் கிழமை வறுத்த மா. அடுத்த கிழமை பயற்றமா. இன்றிரவு மட்டும் ஆளுக்கு ஒரு கைப்பிடி கௌபியை ஊறப்போட்டுவிட்டுப் படுங்கள்.