முறிந்ததைப் பொருத்தும் கணக்கு

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. ஆதலின், தமிழ்த்துறை மலரில் கணிதம் பற்றிய கட்டுரை இடம்பெறுவது பொருத்தமே. வீட்டுக் கணக்கைப் படிப்படியாகச் செய்வது எவ்வாறு, ஏன் அவ்வாறே செய்ய வேண்டும் என்பதை விளக்குவதே இதன் நோக்கம்.

அருமனையைச் சுற்றியுள்ள ஊர்களில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டச் செல்லும் பெற்றோர் பலர். அவர்தம் பிள்ளைகளுக்கு இரவில் கணக்கில் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு வீட்டில் ஆள் இருப்பது அரிது. கையேடும் கைப்பேசியும் விடையைத் தந்துவிடும். அதைப் பார்த்து எழுதினால் அன்றைய கடமை முடியும். தேர்வறையிலோ, எண்கள் மாறிய அதே கணக்கு மாணவரைத் திகைக்க வைக்கும்.

இயற்கணிதத்தின் பிறப்பையே இங்கு நினைவுகூரலாம். 9ஆம் நூற்றாண்டில், கலீபா மாமூன் காலத்துப் பக்தாதில் முகம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலுள்ள 'அல்-ஜப்ரு' என்னும் சொல்லே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. பாகப்பிரிவினை, வணிகம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்கு உதவவே அவர் அதனை எழுதினார். குறைபட்டு நிற்கும் உறுப்பை நிறைவாக்குதலே 'ஜப்ரு'. முறிந்த எலும்பைப் பொருத்துவதையும் அரபு மொழி இச்சொல்லால் குறிக்கும். வர்ம ஆசான்களை அறிந்த குமரி மாவட்டத்தார்க்கு இது எளிதில் விளங்கும். ஆசான் தடவிப் பார்த்து, இழுத்து நேராக்கி, அதன் பின்னரே கட்டுப்போடுவார். இடையில் ஒரு படி தவறினும் எலும்பு கோணலாகவே கூடும்.

அந்நூலிலுள்ள கணக்கொன்றைக் காண்போம். தெரியாத அளவை 'ப' என்க.

ப² + 10ப = 39

முதற்படி: 10இல் பாதி 5, அதன் வர்க்கம் 25.
இரண்டாம் படி: இருபுறமும் 25 கூட்டுக. ப² + 10ப + 25 = 64.
மூன்றாம் படி: இடப்புறம் (ப + 5)² ஆகும். எனவே ப + 5 = 8 அல்லது –8.
நான்காம் படி: ப = 3 அல்லது –13.
சரிபார்த்தல்: 9 + 30 = 39; 169 – 130 = 39.

25 எங்கிருந்து வந்தது? பக்கம் 'ப' உடைய சதுரம் ஒன்றை வரைக. அடுத்தடுத்த இரு பக்கங்களிலும் 5 அகலமுள்ள செவ்வகங்களை ஒட்டுக. மூலையில் 5க்கு 5 அளவில் ஓர் இடம் வெறுமையாக இருக்கும். அதை நிரப்பினால் பெரிய சதுரம் முழுமை பெறும். அவ்வெற்றிடமே 25. நீளம் குறை எண்ணாகாது என்பதால் அல்-குவாரிஸ்மி 3ஐ மட்டுமே விடையாகக் கொண்டார்.

இனி நுண்கணிதம். ஒரு பெட்டியின் அடி சதுரம். அதன் பக்கமும் உயரமும் சேர்ந்து 12 அலகு. கொள்ளளவு மிகப்பெரிதாக இருக்கப் பக்கம் எவ்வளவு?

முதற்படி: பக்கம் ப எனில் உயரம் 12 – ப. கொள்ளளவு = ப²(12 – ப) = 12ப² – ப³.
இரண்டாம் படி: வகைக்கெழு = 24ப – 3ப².
மூன்றாம் படி: இதனைச் சுழியத்திற்குச் சமமாக்குக. 3ப(8 – ப) = 0. எனவே ப = 0 அல்லது 8.
நான்காம் படி: இரண்டாம் வகைக்கெழு 24 – 6ப. ப = 8 எனில் –24; ஆகவே அங்குப் பெருமம். கொள்ளளவு 64 × 4 = 256.

மூன்றாம் படியில் மாணவர் பலர் இருபுறமும் 'ப'வால் வகுத்துவிடுவர். சுழியமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுத்தல் ஆகாது; அவ்வாறு செய்தால் ப = 0 என்னும் மூலம் காணாமற்போகும். இங்கு அதனால் பெட்டியே உருவாகாது என்பது உண்மை. ஆயினும் காரணம் கூறியே விலக்க வேண்டும். அறியாமல் இழத்தல் கூடாது. இத்தகைய கோவையின் பெருமம் மொத்த அளவின் மூன்றில் இரு பங்கில், அஃதாவது 12க்கு 8இல், அமையும் என்பதை 12ஆம் நூற்றாண்டிலேயே ஷரபுத்தீன் அத்தூஸி கண்டிருந்தார் என்பது வியப்பிற்குரியது.

அருமனை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். அந்த மலையாள மண்ணில் 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா'வை இயற்றினார். சங்கமகிராம மாதவர் வழிவந்த முடிவிலாத் தொடர்களைச் சூத்திரமாக மட்டும் கூறாமல், அவற்றின் காரணங்களையும் மக்கள் மொழியில், உரைநடையில் விளக்கியதே அந்நூலின் பெருமை.

மாணவ மணிகளே! வரிக்கு ஒரு மாற்றம் செய்க; அதன் காரணத்தை அருகில் எழுதுக; கிடைத்த விடையை முதல் வரியில் இட்டுப் பார்க்க. பெரியோர்களே! கணிதம் கல்லாதவராயினும் நீங்கள் உதவ இயலும். பிள்ளையின் ஏட்டில் ஏதேனும் ஒரு வரியைத் தொட்டு, "இது எப்படி வந்தது?" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் அக்கணக்கு அப்பிள்ளைக்குச் சொந்தம். தெரியாவிடில், மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய வரி எதுவென்பது அன்றிரவே தெரிந்துவிடும்.